வீட்டுக் கம்பளம்: நீடித்து உழைப்பதைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக் கம்பளம் என்பது தரையில் விரிப்பதற்காகக் கம்பளி, பருத்தி, பட்டு போன்ற இயற்கை இழைகளாலோ நைலான், பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளாலோ செய்யப்படும் கனத்த விரிப்பு. நெய்தும், முடிச்சிட்டும், ஊசியால் குத்தி ஏற்றியும் இதைச் செய்கிறார்கள். ஒரு கம்பளம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை இழை, அதன் முறுக்கு, அது நடப்பட்டிருக்கும் நெருக்கம், அடியில் அதைப் பிடித்திருக்கும் பொருள், கம்பளம் கிடக்கும் இடம் ஆகிய அனைத்தும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கடைக்குப் போனதும் கை மென்மையைத் தேடுகிறது, கண் தடிமனைத் தேடுகிறது. உழைப்பைப் பற்றி இவை இரண்டும் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. நல்ல பணம் கொடுத்து வாங்கிய கம்பளம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பொலிவிழந்து போவதற்குப் பெரும்பாலும் இந்தத் தவறான தேடலே காரணம்.

கம்பளத்தின் மேற்பரப்பில் நிமிர்ந்து நிற்கும் இழைத் தொகுதியை வணிகத்தில் ‘பைல்’ என்கிறார்கள். ஜமக்காளம், தரி போன்ற தட்டை நெசவு விரிப்புகளுக்குப் பைல் கிடையாது.

தேய்மானம் நடக்கும் விதம்

வீட்டில் கிடக்கும் கம்பளத்தில் இழை தேய்ந்து ஓட்டை விழுவது அபூர்வம். அதற்கு வெகுகாலம் முன்பே அதன் தோற்றம் கெட்டுவிடுகிறது. ஆள் நடமாட்டம் மிகுந்த தடத்தில் நின்றிருந்த இழைகள் படுத்துவிடும். நூலின் நுனியில் முறுக்குப் பிரிந்து பக்கத்து நூலோடு சிக்கிக்கொள்ளும். ஒளி அங்கே வேறு விதமாகப் பட்டுத் திரும்புவதால் அந்தப் பகுதி மட்டும் அழுக்கேறியது போல மங்கித் தெரியும். ‘தேய்ந்துபோச்சு’ என்று வீட்டார் சொல்வது இந்த நிலையைத்தான். அப்போது நிறுத்துப் பார்த்தால் இழையின் எடை பெரிதாகக் குறைந்திருக்காது. ஆகவே, மிதித்து அழுத்திய பிறகும் எழுந்து நிற்கும் கம்பளமே உழைக்கும் கம்பளம்.

இழை உண்மையிலேயே அறுபடுவதற்கு முதல் காரணம் மணல். காலோடு வரும் மணல் பைலுக்குள் விழுந்து அடிவரை இறங்குகிறது. குவார்ட்ஸ் மணல் துகள் எந்த இழையைவிடவும் கடினமானது, விளிம்பும் கூர்மையானது. மேலே கால் அழுந்தும்போதெல்லாம் இழையின் அடிப்பகுதி அந்த விளிம்பில் உரசி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் கறையைப் பற்றிக் கவலைப்படுவோர் கண்ணுக்குத் தெரியாத இந்த மணலை விட்டுவிடுகிறார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றும் வழக்கம் நம் வீட்டுக் கம்பளங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஷூவோடு உள்ளே நடக்கும் நாடுகளில் எழுதப்படும் ஆயுள் கணக்குகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வெறுங்காலுக்கும் ஒரு விலை உண்டு. பாதத்தின் எண்ணெய்ப் பசை இழையில் ஒட்டி, அதில் தூசி பிடிக்கும். சில செயற்கை இழைகள் இந்தப் பசையை எளிதில் விடுவதில்லை.

மணலுக்கு அடுத்தவை வெயிலும் ஈரமும். ஜன்னல் வழியே ஒரே இடத்தில் தினமும் விழும் வெயில் சாயத்தை வெளிறச் செய்வதோடு இழையையும் நொறுங்க வைக்கும். ஈரம் அடித்துணியையும் பசையையும் கெடுக்கும். கம்பளிக்குக் கூடுதலாகப் பூச்சி அபாயம் உண்டு.

நூற்றாண்டுகள் தாண்டியவை

இன்று கிடைத்திருக்கும் முடிச்சுக் கம்பளங்களில் மிகப் பழையது, சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னும் இடத்துப் புதைமேட்டில் 1949-இல் செர்கேய் ருதென்கோ தலைமையிலான அகழாய்வில் எடுக்கப்பட்டது. கி.மு. 5 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கம்பளிக் கம்பளம், கல்லறைக்குள் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியாக மூடியதால் தப்பியது. புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. காலடியில் உழைத்துத் தப்பியது அல்ல என்பதால், இழையின் ஆயுளுக்கு அது சான்று, தேய்மானத்துக்கு அல்ல.

வாங்குவோருக்கு அதிகம் சொல்லித்தருவது ஈரானின் அர்தபில் கம்பளம். அதில் நெய்யப்பட்டுள்ள ஆண்டு நம் கணக்கில் 1539–40. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1893-இல் 2,000 பவுண்டுக்கு அதை வாங்கியது. பட்டுப் பாவும் பட்டு ஊடையும் கொண்ட அடித்தளத்தில், ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 கம்பளி முடிச்சுகள். இரட்டைகளாக நெய்யப்பட்ட இரண்டில் ஒன்றின் பகுதிகளை எடுத்து மற்றதைச் செப்பனிட்டிருக்கிறார்கள். குறைந்துபோன அந்த இரண்டாவது கம்பளம் இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் பாவில் தனித்தனியே கட்டப்பட்டிருப்பதால் கெட்ட இடத்தை மட்டும் எடுத்து மறுபடி முடிச்சிட முடிந்தது. பசையால் ஒட்டிய கம்பளத்தில் இந்த வேலை நடக்காது. கம்பளத்தின் ஆயுளைப் பேசும்போது, பழுது பார்க்க முடியுமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இழைகள்

கம்பளி இன்னும் அளவுகோலாகவே இருக்கிறது. கம்பளி இழை இயல்பிலேயே சுருண்டது. அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மை அதன் புரத அமைப்பிலேயே உள்ளது. இழையின் மேல் உள்ள செதில்கள் ஒளியைச் சிதறடிப்பதால் சிறிய அழுக்கு எடுப்பாகத் தெரியாது. தீப்பொறி விழுந்தால் உருகாமல் கருகி, பெரும்பாலும் தானே அணைந்துவிடும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாமல் இருக்கும். கடற்கரை ஊர்களில் இதே குணம் தொல்லையாகவும் மாறும். கம்பளத்துக்கு ஏற்றது ஸ்வெட்டர் பின்னும் மெல்லிய கம்பளி அல்ல, தடித்த, சற்று முரடான கம்பளி. ராஜஸ்தானின் பிகானேர் சந்தைக்கு வரும் சோக்லா, மக்ரா ஆட்டுக் கம்பளிகளும் நியூசிலாந்துக் கம்பளியும் இந்தியக் கம்பளங்களில் கலந்து பயன்படுகின்றன. தொட்டவுடன் மெத்தென்று வழுகும் கம்பளியைவிட, கையில் சற்றுச் சொரசொரப்பும் உயிரோட்டமும் தெரியும் கம்பளி அதிகம் உழைக்கும். புதிய கம்பளிக் கம்பளம் சில மாதங்களுக்குப் பஞ்சு உதிர்ப்பது இயல்பு. ஓராண்டு கழிந்தும் நிற்காவிட்டால் குட்டை இழைக் கம்பளியில் செய்தது என்று பொருள்.

நைலான், 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கியது. உரசலைத் தாங்குவதில் கம்பளத்துக்குப் பயன்படும் இழைகளில் இதுவே முதலிடம். மிதிபட்ட பின் எழுவதிலும் செயற்கை இழைகளில் இதற்கே முதலிடம். குறை ஒன்று உண்டு. அமிலச் சாயங்களை விரும்பி ஏற்பதால் பழச்சாறு, குளிர்பானம், மஞ்சள் எல்லாமே இதில் நன்றாக ஏறிவிடும். கறை எதிர்ப்புப் பூச்சு உள்ளதையோ, இழையை வார்க்கும்போதே நிறம் சேர்த்ததையோ வாங்கினால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

பாலிப்ரொப்பிலீன் இதற்கு நேர்மாறு. நீரை உறிஞ்சாது, கறை ஏறாது, பூஞ்சணம் அரிக்காது, விலையும் குறைவு. ஆனால் அழுந்தினால் எழாது. சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் இஸ்திரிப் பெட்டி பட்டால் பளபளப்பான வடு விழும். கனத்த சோபாவை இழுத்தால் ஏற்படும் உராய்வுச் சூடே தடம் பதிக்கப் போதும். இந்தியக் கடைகளில் ‘டர்க்கி கார்ப்பெட்’ என்று விற்கப்படும் இயந்திர நெசவுகளில் பெரும்பகுதி இந்த இழையில் செய்தது. துருக்கியின் காஸியான்டெப் நகரம் இத்தொழிலின் பெரிய மையம். நெருக்கமாக நெய்த, பைல் குட்டையான வகை ஒரு நடுத்தர வீட்டுக் கூடத்தில் நன்றாகவே உழைக்கும். நீளப் பைல் கொண்டதை வாங்குவது வீண்.

பாலியெஸ்டர் கறையைத் தாங்கும், நிறம் பளிச்சென்று இருக்கும், பழைய பிளாஸ்டிக் புட்டிகளிலிருந்தும் கிடைக்கும். நடமாட்டம் உள்ள இடத்தில் சீக்கிரம் படுத்துவிடும். இதன் உறவான டிரையெக்ஸ்டாவை அமெரிக்க அரசு 2009-இல் தனிப் பெயருள்ள இழை வகையாக ஏற்றது. அது பாலியெஸ்டரைவிட நன்றாக எழுந்து நிற்கும்.

விஸ்கோஸ் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘ஆர்ட் சில்க்’, ‘பாம்பூ சில்க்’ என்ற பெயர்களில் மினுமினுப்போடு விற்கப்படுவது பட்டு அல்ல. மரக்கூழிலிருந்தோ மூங்கில் கூழிலிருந்தோ எடுத்த செல்லுலோஸ் இழை அது. நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினாலே அந்த இடம் காய்ந்த பின் விறைத்து, மஞ்சளாகி, மினுமினுப்பு இழந்து நிற்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதை வாங்கவே கூடாது. சணல் விரிப்பும் நீரில் பழுப்பாகி வலுவிழக்கும். தேங்காய்நார் வேறு இனம்: லிக்னின் மிகுந்ததால் நீரையும் உரசலையும் தாங்கும், ஆனால் வெறுங்காலுக்குக் குத்தும். அதன் இடம் வாசல். 1859-இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் தொடங்கிய தேங்காய்நார்த் தொழிற்சாலையிலிருந்து வளர்ந்த தொழிலின் கால்மிதிகள், உள்ளே கிடக்கும் விலையுயர்ந்த கம்பளத்தின் ஆயுளை நீட்டிக்கும் மலிவான வழி. மணலை வாசலிலேயே பிடித்துவிடுகின்றன.

செய்முறை: முடிச்சா, பசையா

கையால் முடிச்சிட்ட கம்பளத்தில், பருத்திப் பாவு நூல்களில் ஒவ்வொரு குஞ்சமும் தனியே சுற்றிக் கட்டப்படுகிறது. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலை ஓட்டிக் கனத்த சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். இதில் பசைக்கு இடமில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி–மிர்சாபூர் வட்டாரம் இந்தியாவின் பெரிய முடிச்சுக் கம்பளப் பகுதி. காஷ்மீரில் ‘தாலிம்’ என்னும் குறியீட்டுத் தாளைப் படித்து முடிச்சிடுகிறார்கள். பதோஹிக் கம்பளத்தின் தரத்தை 9/54, 9/60 போன்ற எண்களால் சொல்வது வழக்கம். முதல் எண், அகலவாக்கில் அங்குலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குள் உள்ள முடிச்சுகள். இரண்டாவது, நீளவாக்கில் நாலரை அங்குலத்துக்குள் உள்ளவை. 9/60 என்றால் சதுர அங்குலத்துக்கு 133 முடிச்சு என்று ஆகும். முடிச்சின் எண்ணிக்கை கூடினால் பூவேலை நுணுக்கமாகும், விலை ஏறும். உழைப்பு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. தினசரி நடமாட்டத்துக்கு, நல்ல தடித்த கம்பளியில் இறுக்கமாக அடித்து நெய்த நடுத்தர முடிச்சுக் கம்பளம், மெல்லிய பட்டு முடிச்சுக் கம்பளத்தைவிட வெகுகாலம் தாங்கும்.

கடைகளில் ‘ஹேண்ட்மேட்’ என்ற சீட்டோடு அதிகம் கண்ணில் படுவது கை டஃப்டிங் வகை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணியில் கைத்துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி ஏற்றுகிறார்கள். குத்திய நூலைப் பிடித்திருக்க வேறு எதுவும் இல்லை என்பதால் பின்புறம் முழுக்க லேடெக்ஸ் பசை பூசி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டி மூடுகிறார்கள். கையால் செய்தது என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆயுள் கம்பளியின் ஆயுள் அல்ல, பசையின் ஆயுள். சில ஆண்டுகளில் லேடெக்ஸ் காய்ந்து வெடித்து மாவாக உதிரும். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் வெள்ளைப் பொடி கிடக்கும், அறையில் ரப்பர் நெடி அடிக்கும், மேலே குஞ்சங்கள் கையோடு வரும். கொடியில் போட்டு அடித்தால் இது விரைவாகும். ஊறவைத்துத் துவைத்தால் துணியும் பசையும் பிரியும். விலைக்கு ஏற்ற அளவில் சில ஆண்டு அழகாக இருக்கும் பொருள் என்று தெரிந்து வாங்கினால் குறையில்லை. முடிச்சுக் கம்பளம் என்று நம்பி, அந்த விலை கொடுத்து வாங்குவதுதான் இழப்பு.

அடையாளம் காண்பது எளிது. கம்பளத்தின் மூலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். முன்புறத்துப் பூவேலை பின்புறமும் நிறம் மாறாமல் தெரிந்து, சிறுசிறு முடிச்சுகள் சற்று ஒழுங்கற்ற வரிசையில் இருந்தால் கையால் முடிச்சிட்டது. ஓரத்தில் தொங்கும் குஞ்சம் பாவு நூலின் நீட்சியாகவே இருக்கும். பின்புறம் துணியால் மூடப்பட்டு, ஓரக் குஞ்சம் தைத்து ஒட்டப்பட்டிருந்தால் அது டஃப்டிங். கோடுகள் அளவெடுத்தாற்போல ஒரே சீராக ஓடினால் இயந்திர நெசவு.

இயந்திர நெசவில் வில்டன், ஆக்ஸ்மின்ஸ்டர் ஆகிய இரு பழைய முறைகளும் பைலை அடித்தளத்தோடு சேர்த்தே நெய்பவை. இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டரில் தாமஸ் விட்டி 1755-இல் தொடங்கிய தொழிலின் பெயர் பின்னாளில் தறிக்கும் ஒட்டிக்கொண்டது. ஓட்டல் கூடங்களில் இன்றும் இந்த நெசவுகளையே விரிப்பது அவற்றின் உறுதிக்காகத்தான். இயந்திர டஃப்டிங் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகரில், கேத்தரின் எவான்ஸ் என்ற பெண் கையால் குஞ்சம் தைத்த படுக்கை விரிப்புகளில் வேர் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதே உத்தி அகன்ற இயந்திரங்களுக்கு ஏறி, சுவருக்குச் சுவர் விரிக்கும் கம்பளத்தை மலிவாக்கியது.

நெருக்கமும் முறுக்கும்

உழைப்பைக் கணிக்க ஒரே ஒரு அளவு வேண்டுமென்றால் அது பைலின் நெருக்கம். நெருக்கமாக நிற்கும் இழைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். கால் பட்டால் நுனியில்தான் அழுத்தம் விழும், பக்கவாட்டில் சாய இடமிருக்காது. இடைவெளி விட்டு நிற்பவை அடியிலிருந்தே மடங்கும், மணலும் தடையின்றி இறங்கும்.

கணக்கு சிக்கலானதல்ல. ஒரு சதுர மீட்டரில் 2,000 கிராம் பைல் உள்ள இரண்டு கம்பளங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் பைல் உயரம் 8 மில்லிமீட்டர், மற்றதன் உயரம் 16 மில்லிமீட்டர். முதலாவதில் கன சென்டிமீட்டருக்கு 0.25 கிராம் இழை, இரண்டாவதில் 0.125 கிராம். எடை ஒன்றே, விலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். ஆனால் கூடத்தில் விரித்தால் குட்டையானது நெட்டையானதை எளிதாக மிஞ்சும். விற்பனையாளர் எடையை மட்டும் சொன்னால் உயரத்தையும் கேட்க வேண்டும். சதுர மீட்டருக்கு இத்தனை லட்சம் புள்ளிகள் என்ற விளம்பரத்துக்கும் இதுவே பொருந்தும். புள்ளிகள் அதிகமாக இருந்தும் நூல் மெல்லியதாக இருந்தால் பயன் குறைவு.

வெட்டிய நுனி உள்ள பைலில் முறுக்கும் முக்கியம். அங்குலத்துக்கு ஐந்துக்கு மேல் சுற்று முறுக்கேற்றி, வெப்பத்தால் அந்த முறுக்கை நிலைநிறுத்திய செயற்கை நூல் நுனி விரியாமல் இருக்கும். ஒரு குஞ்சத்தை விரலால் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நுனி குவிந்து கூராக நின்றால் நல்லது, தூரிகை மாதிரி விரிந்திருந்தால் சில மாதங்களில் பக்கத்து நூலோடு சிக்கும். நுனி வெட்டாத வளையப் பைலில் இந்தச் சிக்கல் இல்லை. நடமாட்டம் மிகுந்த இடத்துக்கு வளையம் நல்ல தேர்வு. பூனையும் நாயும் உள்ள வீட்டில் மட்டும் வேண்டாம். நகத்தில் ஒரு வளையம் மாட்டினால் வரிசையே உருவிக்கொண்டு வரும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

பைல் வெளிப்பக்கம் பார்க்கும்படி கம்பளத்தைக் கையில் வளைக்க வேண்டும். வளைவில் இழைகள் பிளந்து அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நெருக்கம் போதாது. கட்டைவிரலால் ஓரிடத்தை அரை நிமிடம் அழுத்தி எடுத்தால் பள்ளம் எவ்வளவு வேகமாக மறைகிறது என்று தெரியும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பு, கருநீலப் பகுதிகளை அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். ஒட்டினால் முதல் சலவையிலேயே நிறம் பக்கத்துக்கு ஓடும். குஞ்சம் ஒன்றைப் பிடித்து மிதமாக இழுத்தால் வரக் கூடாது.

இழையில் சந்தேகம் வந்தால் உதிர்ந்த நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைக்கு வெளியே பற்ற வைத்துப் பார்க்கலாம். கம்பளியும் பட்டும் தலைமுடி கருகும் நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். விஸ்கோஸ் காகிதம் எரிவது போலச் சரசரவென்று எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாகும். பட்டு என்று சொல்லி விற்கும் விஸ்கோஸைப் பிடிக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

ஐரோப்பியத் தயாரிப்புகளின் பின்சீட்டில் இ.என். 1307 தரநிலையின் எண் இருக்கும். 21 முதல் 23 வரை வீட்டுப் பயன்பாடு, 31 முதல் 33 வரை வணிகப் பயன்பாடு. எண் ஏற ஏற அதிக நடமாட்டத்தைத் தாங்கும். உருளும் பெட்டிக்குள் கனமான உருண்டையால் ஆயிரக்கணக்கான முறை மிதிக்கவைத்தும், சக்கர நாற்காலியை ஓட்டியும் இந்த வகுப்புகளை முடிவு செய்கிறார்கள். வீட்டில் கணினி நாற்காலிக்கு அடியில் விரிப்பதானால் சக்கர நாற்காலிக் குறியீடு உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும். 1994-இல் ‘ரக்மார்க்’ என்ற பெயரில் தொடங்கி இப்போது ‘குட்வீவ்’ என வழங்கும் சீட்டு தரத்தைப் பற்றியதல்ல, குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்ததைப் பற்றியது. அதைத் தேடி வாங்குவது நல்லது. விலையில் அது கூட்டும் சிறு தொகை, தறிக்கு முன் உட்கார வேண்டாத ஒரு குழந்தைக்கானது.

இடத்துக்கு ஏற்ற தேர்வு

மாடிப்படிதான் கம்பளத்துக்குக் கடினமான இடம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கால் ஒரே கோட்டில் விழுகிறது. குட்டைப் பைல், மிக நெருக்கம், கம்பளி அல்லது நைலான் தவிர வேறு எதுவும் அங்கே தாங்காது. பைல் சாயும் திசை கீழ்ப்படியை நோக்கி இருக்கும்படி விரிக்க வேண்டும். கூடத்துக்கும் நடைவழிக்கும் இதே விதி சற்றுத் தளர்வோடு பொருந்தும். படுக்கையறையில் வெறுங்கால் சில அடிகளே நடக்கும் என்பதால் நீளப் பைலுக்கும் பாலியெஸ்டருக்கும் ஆசைப்பட்டால் அங்கே விரித்துக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசைக்கடியில் கம்பளமே வேண்டாம் என்பதுதான் சரியான யோசனை. கட்டாயம் வேண்டுமானால் நீரில் அலசக்கூடிய தட்டை நெசவு.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொரு விஷயம் கவனத்தில் இருக்க வேண்டும். டைல்ஸ் தரையைத் தினமும் ஈர மாப்பால் துடைக்கிறோம். துடைப்பவர் கம்பளத்தின் ஓரம்வரை வருவார், ஓரம் நாள்தோறும் நனையும். சணல் அடித்துணியும் லேடெக்ஸும் அங்கிருந்துதான் கெடத் தொடங்கும். துடைக்கும்போது கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு, தரை முழுக்கக் காய்ந்த பின் விரிக்கக்கூடிய அளவிலும் எடையிலும் வாங்குவது நலம். சுவருக்குச் சுவர் ஒட்டும் கம்பளம் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்துக்கு ஏற்றதல்ல. அடியில் தங்கும் ஈரம் வெளியேற வழியிருக்காது, பூஞ்சணம் பிடிக்கும்.

இந்தச் சூழலுக்கு நம்மூரிலேயே பிறந்த விடை பவானி ஜமக்காளம். காவிரியும் பவானியும் கூடும் ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஆலைத் துணியின் போட்டியில் தவித்த ஜங்கமர் நெசவாளர்கள் முரட்டுப் பருத்தி நூலில் நெய்யத் தொடங்கியது அது. பைல் இல்லாததால் படுத்துப்போக எதுவும் இல்லை. ஊடை நூல் பாவை முழுவதும் மறைக்கும்படி அடித்து இறுக்கப்படுவதால் தேய்மானத்தை ஊடையே ஏற்கிறது, உறுதியைத் தரும் பாவு பாதுகாப்பாக இருக்கிறது. இரண்டு பக்கமும் விரிக்கலாம், துவைத்து வெயிலில் காயப்போடலாம். கல்யாண மண்டபங்களில் நூற்றுக்கணக்கானவர் உட்கார்ந்து எழும் விரிப்பாக அது பல தலைமுறை உழைத்திருக்கிறது. 2005–06-இல் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கு மட்டுமே உரியவை என்று 1985-ஆம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டம் காக்கும் வகைகளிலும் ஜமக்காளம் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறி விரிப்புகள் பவானிப் பெயரில் விற்பனைக்கு வருகின்றன. கனமும் இறுக்கமும் குறைந்த அவை சில சலவைகளிலேயே தொய்ந்துவிடும். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்திலோ கைத்தறி முத்திரை பார்த்தோ வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. கம்பளத்தின் மெத்தென்ற சுகத்தை ஜமக்காளம் தராது. அந்தச் சுகம் தேவையில்லாத கூடத்துக்கு, இந்த விலையில் இவ்வளவு உழைக்கும் வேறு விரிப்பைக் காட்டுவது கடினம்.

அடிமெத்தையும் பராமரிப்பும்

பளிங்கிலும் டைல்ஸிலும் நேரடியாக விரித்த கம்பளம் வழுக்கும், மடிப்பு விழும், கடினத் தரைக்கும் காலுக்கும் நடுவே நசுங்கும். அடியில் விரிக்கும் மெத்தை இந்த அடியை வாங்கிக்கொள்கிறது. தடிமன் 11 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 96 கிலோவுக்குக் குறையக் கூடாது. புதைவது போன்ற மெத்தையில் விரித்த கம்பளம் ஒவ்வொரு அடிக்கும் வளைந்து வளைந்து அடித்துணி முறியும். வளையப் பைலுக்கு இதைவிட மெல்லியதும் கெட்டியானதும் வேண்டும்.

வாரம் ஓரிரு முறை வாக்குவம் கிளீனரால் மெதுவாக இழுத்து மணலை எடுப்பது எல்லாப் பராமரிப்புக்கும் தலையானது. வளையப் பைலுக்கும் நீளக் கம்பளிக்கும் சுழலும் தூரிகையை நிறுத்திவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பளத்தைத் தலைமாற்றிப் போட்டால் நடமாட்டமும் வெயிலும் பரவலாக விழும். கம்பளியை அரிப்பவை அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும். இரண்டும் இருட்டையும் அசைவின்மையையும் விரும்புவதால் சோபாவுக்கு அடியில் உள்ள பகுதியிலேயே வேலையைத் தொடங்கும். அந்தப் பகுதியை அவ்வப்போது வெளியே இழுத்து இருபுறமும் சுத்தம் செய்து, சிறிது நேரம் வெயில் காட்டினால் பெரும்பாலும் போதும்.

எது கொட்டினாலும் தேய்க்கக் கூடாது. வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். குழம்பில் உள்ள மஞ்சளுக்குச் சோப்பு ஆகாது. காரம் பட்டால் மஞ்சளின் குர்குமின் செம்பழுப்பாக மாறிக் கறை இன்னும் எடுப்பாகும். ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரால் நனைத்து மறுபடி ஒற்றி, வெயிலில் வைத்தால் நாளடைவில் வெளிறும், ஏனெனில் குர்குமின் ஒளியில் சிதையும் சாயம். கம்பளியில் பிளீச்சிங் திரவம் விடவே கூடாது. குளோரின் அந்த இழையையே கரைக்கும்.

முடிச்சுக் கம்பளத்தில் பழுது பெரும்பாலும் ஓரத்தில்தான் தொடங்கும். பக்கவாட்டில் சுற்றிய நூல் பிரிவதும், ஓரக் குஞ்சம் தேய்ந்து கடைசி முடிச்சு வரிசை நழுவுவதும் முதல் அறிகுறிகள். அந்த நிலையிலேயே கம்பளத் தையல் தெரிந்தவரிடம் கொடுத்தால் ஒன்றிரண்டு நாள் வேலை. விட்டுவிட்டால் வரிசை வரிசையாக உள்நோக்கி அவிழும், பிறகு பாவையே புதிதாக ஓட்டி முடிச்சிட வேண்டியிருக்கும்.